வாஸ்டேல் ஹெட்: ஓர் ஆங்கிலேயக் குக்கிராமத்தின் நிலமும் குணமும்

கேள்வி இதுதான்: “இங்கிலாந்துக் குக்கிராமங்கள் படத்தில் வருகிற மாதிரி அவ்வளவு அமைதியாகவா இருக்கும்? அங்கே நிலம் எப்படி, மனிதர்கள் எப்படி, நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்?”

பொதுவாகச் சொன்னால் ஒன்றும் சொன்னதாக ஆகாது. காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் தேன் நிறக் கல்வீடுகள், டெவன் பக்கம் கூரை வேய்ந்த வீடுகள், நார்ஃபோக்கில் கண்ணுக்கு எட்டியவரை தட்டை நிலம். ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமே இல்லை. அதனால் ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன். வேலைக்காக இந்தப் பக்கம் வந்து தங்கிவிட்டதால் எனக்குப் பழக்கமான ஊர்: வாஸ்டேல் ஹெட். இங்கிலாந்தின் வடமேற்கில், கம்பிரியாவில், லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்குள் ஒரு பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கிறது. அழகு என்று நாள்காட்டியில் அச்சடிக்கிற ஊர்களை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அமைதி என்பது இங்கே தானாக விழுந்து கிடக்கும் ஒன்றில்லை. செம்மறி ஆட்டையும் கல்லையும் வைத்து ஆட்கள் உண்டாக்கியது. பாதி, ஆட்கள் வெளியேறியதால் வந்தது. அது இந்த ஊரில் பட்டவர்த்தனமாகத் தெரியும்.

முதலில் போகிற வழி. கடற்கரையை ஒட்டிப் போகும் பெரிய சாலையிலிருந்து காஸ்ஃபோர்த் என்ற ஊரில் உள்ளே திரும்ப வேண்டும். அந்த ஊர்த் தேவாலய முற்றத்தில் பத்தாம் நூற்றாண்டுக் கற்சிலுவை ஒன்று, நாலு மீட்டருக்கு மேல் உயரம், ஒல்லியாக நிற்கிறது. ஒரு பக்கம் ஏசு சிலுவையில். மற்ற பக்கங்களில் வைக்கிங்குகளின் பழைய தெய்வக் கதைகள். அயர்லாந்துப் பக்கமிருந்து கடல் தாண்டி வந்து இந்தப் பள்ளத்தாக்குகளில் குடியேறிய நார்ஸ் மக்கள், புது மதத்துக்கு மாறிய பிறகும் பழைய சாமிகளைக் கைவிட மனமில்லாமல் செய்து வைத்தது போலிருக்கிறது. ஓடை, குன்று, பண்ணை என்று இங்கே எதற்குப் பெயர் கேட்டாலும் பாதி அவர்கள் வைத்ததுதான்.

அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். போகப் போகச் சாலை ஒரு வண்டி அகலத்துக்குச் சுருங்கிவிடும். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்குமிடம் வரை ரிவர்ஸில் போயாக வேண்டும். ஒதுங்கினவருக்கு எதிரே வருபவர் ஸ்டீயரிங்கை விடாமல் ஆள்காட்டி விரலை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டுவார். நன்றி சொல்லியாயிற்று என்று அர்த்தம். கை முழுவதையும் ஆட்டுகிறவர் வெளியூர்க்காரர்.

அப்புறம் ஒரு வளைவில் திடீரென்று ஏரி. வாஸ்ட்வாட்டர். கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் நீளம், சுமார் 79 மீட்டர் ஆழம். இங்கிலாந்திலேயே ஆழமான ஏரி. பனியாறு குடைந்த குழி என்பதால் ஏரியின் அடித்தளம் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. சாலை ஒரு கரையில். எதிர்க்கரையில் சாலையும் இல்லை, வீடும் இல்லை. உச்சியிலிருந்து தண்ணீர் வரை மலைச்சரிவு முழுக்க உடைந்த கல்தான். பனிக்காலங்களில் பாறை விரிசலில் தண்ணீர் உறைந்து உறைந்து வெடித்துச் சரிந்த கற்கள், விசிறி விசிறியாக, தண்ணீருக்குள்ளேயும் தொடர்ந்து இறங்குகின்றன. மழை பெய்து ஓய்ந்ததும் அந்தச் சாம்பல் நிறத்தில் அங்கங்கே இரும்புத்தாதுவின் செம்மை எழும். 2007-இல் ஒரு தொலைக்காட்சி வாக்கெடுப்பில் பிரிட்டனுக்கு மிகப் பிடித்த காட்சியாக இந்த இடம் தேர்வானது. லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் சின்னமும் இதே காட்சியை வைத்துத்தான் வரையப்பட்டது.

ஏரியின் அடியில் ஒரு தோட்டம் இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். வீட்டு முற்றங்களில் வைக்கிற குள்ளர் பொம்மைகளை முக்குளிப்பவர்கள் கொண்டுபோய், வேலியெல்லாம் போட்டு, அடியில் அடுக்கி வைத்திருந்தார்கள். வேறு பார்க்க ஒன்றுமே இல்லாத அளவுக்குத் தெளிந்த, சத்தற்ற தண்ணீர். கொஞ்சம் வேடிக்கை இருக்கட்டுமே என்று. 1990களில் அதைத் தேடி அதிக ஆழத்தில் அதிக நேரம் இருந்து சிலர் உயிரிழக்கவும் போலீஸ் வந்து பொம்மைகளை அகற்றியது. பிறகு யாரோ மறுபடி வைத்துவிட்டார்கள், இந்த முறை போலீஸ் முக்குளிப்பவர்களுக்கு விதி அனுமதிக்கிற 50 மீட்டருக்குக் கீழே என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையோ பொய்யோ, இந்த ஊர்க் குணத்துக்குப் பொருந்துகிற பேச்சு. காரணம் பின்னால் வருகிறது.

ஏரி முடிந்து சற்று தூரத்தில் ஊர். ஊர் என்று சொன்னால் பெரிய வார்த்தை. சில பண்ணை வீடுகள், ஒரு விடுதி, அதன் பக்கத்தில் மலையேறிகளுக்கான ஒரு கடை, கூடாரம் போட ஒரு வயல், மூன்று வயல் தள்ளி மரக்கூட்டத்துக்குள் ஒரு தேவாலயம். அவ்வளவுதான். சாலை இங்கேயே முடிந்துவிடுகிறது. சுற்றிலும் யூபாரோ, கர்க் ஃபெல், கிரேட் கேபிள், லிங்மெல் என்று மலைகள். அவற்றுக்குப் பின்னால் 978 மீட்டர் ஸ்காஃபெல் பைக், இங்கிலாந்தின் உச்சி. நம் ஊர் மலைகளோடு ஒப்பிட்டுச் சிரிக்க வேண்டாம். பள்ளத்தாக்கின் தரையே கடல் மட்டத்துக்கு 80 மீட்டர் மேலேதான் இருக்கிறது. அங்கிருந்து மலை செங்குத்தாக எழும்பும். மரமே இல்லாததால் உயரம் இரண்டு மடங்காகத் தெரியும். அந்தப் பக்கம் போக வேண்டுமானால் நடைதான். ஸ்டை ஹெட் கணவாய் வழியாக பாரோடேல், பிளாக் செயில் கணவாய் வழியாக என்னர்டேல். ஸ்டை ஹெட் மேலே வண்டிச் சாலை போடுகிற யோசனை ஒரு காலத்தில் எழுந்தது. எதிர்ப்பு வந்து நின்றுபோனது. நல்லவேளை என்றுதான் சொல்வேன். சாலை முடிகிற ஊராக இருப்பதால்தான் இது இப்படியே மிஞ்சியிருக்கிறது.

மழையைச் சொல்லாமல் விட்டால் நிலத்தைச் சொன்னதாகாது. கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் சீத்வெய்ட் என்ற இன்னொரு குக்கிராமம், மக்கள் வசிக்கும் இடங்களில் இங்கிலாந்திலேயே அதிக மழை பெறுவது. வருஷத்துக்கு ஏறக்குறைய 3,500 மில்லிமீட்டர். இந்தப் பக்கமும் குறைச்சலில்லை. ஆனால் நம் ஊர் மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை அபூர்வம். தூறல், சாரல், மறுபடி தூறல், மேகம் இறங்கி மலையைப் பாதியில் வெட்டி நிற்பது, இப்படியே நாள் போகும். குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டு. ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம்.

இனி கல்லுக்கு வருகிறேன். மேலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கின் தரை முழுக்கக் கல்சுவர்கள். ஒழுங்கே இல்லாத சின்னச் சின்ன வயல்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் தடித்த சுவர். சாந்து கிடையாது, சிமெண்ட் கிடையாது. வெளிப்பக்கம் ஒரு வரிசை, உட்பக்கம் ஒரு வரிசை, நடுவில் பொடிக்கல் நிரப்பல், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க இடையிடையே குறுக்கே ஒரு நீளக்கல், உச்சியில் செங்குத்தாக நிறுத்திய மூடுகற்கள். அடியில் அகலம், மேலே போகப் போக ஒடுக்கம். தண்ணீர் உள்ளே தங்காமல் இறங்கிவிடுவதால் பனி உறைந்து வெடிக்காது. ஒழுங்காகக் கட்டினால் நூறு வருஷம் தாண்டும். அடியில் அங்கங்கே சதுர ஓட்டை ஒன்று விட்டிருப்பார்கள்: ஆடு நுழையும், மாடு நுழையாது. வேண்டாதபோது ஒரு பலகைக்கல்லைச் சாய்த்து மூடிவிடலாம்.

எல்லை காட்டுவதற்கு இவ்வளவு சுவர் தேவையே இல்லை. சில இடங்களில் சுவரின் மேல் ஓர் ஆள் குறுக்கே படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு அகலம். அதுவும் போதாமல் வயல் மூலைகளில் வட்டமாகவும் நீளமாகவும் கற்குவியல்கள். விஷயம் என்னவென்றால் வெள்ளமும் பனியாறும் கொண்டுவந்து கொட்டிய கல் இந்தத் தரை முழுக்க. புல் வளர வேண்டுமானால் கல்லைப் பொறுக்கியாக வேண்டும். பொறுக்கிய கல்லை எங்காவது வைத்தாக வேண்டும். சுவர் என்பது பாதி, கல்லைக் கொட்டுகிற இடம். பதினான்காம் நூற்றாண்டில் இங்கே பிரபுவின் மாட்டுப் பண்ணைகள் இருந்தன. பிறகு அவை சிறு குடியானவர்களின் பங்குகளாகப் பிரிந்து, பொதுவில் உழுத நிலம் துண்டு துண்டாக அடைக்கப்பட்டது. இன்றைக்கு இரண்டு மூன்று குடும்பம் வைத்திருக்கும் வயல்களைப் பொறுக்கிச் சுத்தம் செய்தவர்கள் பல மடங்கு பேர். ‘தொடப்படாத இயற்கை’ என்று யாராவது இந்த இடத்தைப் படம் போட்டு எழுதினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். தொடப்படாத ஒரு கல்லைக்கூட இங்கே காட்ட முடியாது.

மலைமேல் மரம் இல்லாததும் இயற்கை அல்ல. ஒரு காலத்தில் ஓக்கும் பிர்ச்சும் இருந்த சரிவுகள். வெட்டியது மனிதன், மறுபடி முளைக்கவிடாமல் பார்த்துக்கொள்வது ஆடு. இந்தப் பக்கத்து ஆட்டுக்கு ஹெர்ட்விக் என்று பெயர். குட்டி பிறக்கும்போது கன்னங்கரேலென்று இருக்கும். ஒரு வருஷத்தில் உடம்பு காப்பிக்கொட்டை நிறம், அப்புறம் சாம்பல், முகம் மட்டும் வெள்ளை. கட்டை குட்டையான கால், எதற்கும் அசராத பார்வை. பனியில் புதைந்து கிடந்தும் தன் மயிரையே மென்று நாட்கணக்கில் உயிரோடு இருந்த கதைகளை இங்கே எல்லாரும் சொல்வார்கள். மயிர் முரடு, தரைவிரிப்புக்குத்தான் ஆகும். கத்தரிக்கிற கூலிகூட விற்கிற விலையில் திரும்பாது என்பது நிரந்தரப் புலம்பல்.

இந்த ஆட்டின் பெரிய சொத்து அதன் ஞாபகம். மலைமேல் வேலி கிடையாது. எந்த மந்தை எந்தச் சரிவில் மேய வேண்டும் என்பதைத் தாய் ஆடு குட்டிக்குப் பழக்குகிறது. முதல் கோடையைத் தாயோடு ஒரு சரிவில் கழித்த பெட்டை, கடைசிவரை அந்தச் சரிவை விட்டுப் பெரிதாக நகராது. இந்தப் பழக்கத்தை ‘ஹீஃப்’ என்கிறார்கள். பண்ணை கைமாறினாலும் மந்தை கைமாறாது. குத்தகைக்காரர் போவார், ஆடுகள் அந்தப் பண்ணையோடு தங்கும். ஒரு மந்தையை மொத்தமாக இழந்தால் கடையில் வாங்கி நிரப்ப முடியாது, வாங்கி வந்த ஆட்டுக்கு இடம் தெரியாதே. 2001-இல் கோமாரி நோய் கம்பிரியாவைப் புரட்டிப் போட்டு லட்சக்கணக்கில் கால்நடைகளைக் கொன்று எரித்தபோது, மலைப் பண்ணைக்காரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது இதற்காகத்தான்.

வழிதவறிய ஆட்டைக் கண்டுபிடிக்க இரண்டு அடையாளம்: காதில் வெட்டு, உடம்பில் சாயம். எந்தப் பண்ணைக்கு எந்த அடையாளம் என்று படம் போட்டுக் காட்டும் மேய்ப்பர் கையேடு 1817-இலேயே அச்சாகிவிட்டது. புதுப்புதுப் பதிப்பாக இன்றும் வருகிறது. ஆட்டை எண்ணுவதற்கும் இந்தப் பள்ளத்தாக்குகளில் தனி எண் வரிசை இருந்தது: யான், டான், டெதெரா, மெதெரா, பிம்ப் என்று இருபது வரை, பிறகு ஒரு கூழாங்கல்லைப் பைக்குள் போட்டுவிட்டு மறுபடி யான். ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறும். இன்றைக்கு யாரும் அப்படி எண்ணுவதில்லை. குழந்தைகள் பாட்டாகவும், சுற்றுலாக்காரர் வாங்கும் கோப்பைகள் மேல் எழுத்தாகவும் இருக்கிறது.

நாள் முழுக்க என்ன செய்வார்கள் என்ற கேள்விக்குப் பதில் இந்த ஆட்டு நாள்காட்டியில்தான் இருக்கிறது. ஏப்ரல் பாதியிலிருந்து மே வரை குட்டி போடும் காலம், தூக்கம் கிடையாது. ஜூலையில் மயிர் கத்தரிப்பு. அதற்கு முன்னால் மலை முழுக்க ஆட்களும் நாய்களும் வரிசை கட்டி ஏறி மந்தையைக் கீழே ஓட்டிவர வேண்டும். பக்கத்துப் பண்ணைக்காரர் வராமல் நடக்கிற வேலை இல்லை அது. நவம்பரில் கிடாக்களை விடுவார்கள். இளம் ஆடுகள் முதல் குளிர்காலத்தைக் கழிக்கக் கடலோரத் தாழ்நிலப் பண்ணைகளுக்குப் போகும். இடையில் சரிந்த சுவரை எடுத்துக் கட்டுவது, வைக்கோல், மருந்து, அரசாங்கப் படிவம். கடைசியில் சொன்னதுதான் ரொம்ப நேரம் பிடிக்கும் என்பார்கள்.

உலகத்திலிருந்து விலகிய இடம் என்று நினைக்கத் தோன்றும். 1986 ஏப்ரல் கடைசியில் செர்னோபில் அணு உலை வெடித்தது. மே முதல் வாரம் அந்த மேகம் பிரிட்டனைக் கடந்தபோது மேற்குக் கம்பிரியா மலைகளில் மழை. மேகத்தில் இருந்த கதிரியக்கச் சீசியம் கரிமண்ணில் இறங்கி, புல்லுக்கு ஏறி, ஆட்டுக்குப் போனது. சில வாரத்தில் சரியாகிவிடும் என்று சொல்லித்தான் தடை போட்டார்கள். ஆட்டை விற்கவோ இடம் மாற்றவோ வேண்டுமானால் கருவியை வைத்து அளக்க வேண்டும், அளவு மீறினால் சாயம் பூச வேண்டும். கடைசிப் பண்ணைகளுக்குத் தடை நீங்கியது 2012-இல். இத்தனைக்கும் ஒரு நாளில் நடந்துபோய்விடும் தூரத்தில், கடற்கரையில், பிரிட்டனின் பெரிய அணுத் தொழிற்சாலையான செல்லாஃபீல்ட் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் போவதே வாஸ்ட்வாட்டரிலிருந்துதான். 1980களின் தொடக்கத்தில் இன்னும் அதிகமாக எடுக்க அனுமதி கேட்டார்கள். பொது விசாரணை நடந்து மறுக்கப்பட்டது. மலையேறிப் பாருங்கள்: ஒரு பக்கம் ஏரி, அதே கோட்டில் கொஞ்சம் தள்ளி அந்தக் கட்டடக் கூட்டம், அதற்கப்பால் கடல். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பலவற்றுக்குச் சம்பளம் வருவதும் அங்கிருந்துதான்.

தேவாலயத்தைப் பற்றி. இங்கிலாந்தில் வழக்கமாகத் தேவாலயம் இருந்தால் கிராமம், இல்லாவிட்டால் குக்கிராமம் என்பார்கள். இங்கே தேவாலயம் உண்டு, ஆனால் வெகுகாலம் அது செயின்ட் பீஸ் திருச்சபைக்கு அடங்கிய ஒரு சிறு ஜெபவீடு மட்டும். புனித ஓலாஃப் பெயரில் இருக்கிறது. யூ மரங்களுக்கு நடுவே தாழ்ந்த கூரையோடு, தூரத்திலிருந்து பார்த்தால் ஆட்டுக்கொட்டகை என்றே நினைக்கத் தோன்றும். உத்திரங்கள் வைக்கிங் கப்பல்களிலிருந்து வந்தவை என்று ஊரார் சொல்வது வழக்கம். ஒரு ஜன்னல் கண்ணாடியில், உள்ளங்கை அளவில், பக்கத்து மலையில் இருக்கும் நேப்ஸ் நீடில் என்ற ஊசிப்பாறை கீறப்பட்டிருக்கும். கூடவே 121-ஆம் சங்கீதத்தில் மலைகளை நோக்கிக் கண்களை ஏறெடுக்கும் வரி. குனிந்து தேடினால்தான் தெரியும்.

1901 வரை இங்கே புதைக்க உரிமை இல்லை. செத்தவரைக் குதிரைமேல் கட்டி, பர்ன்மூர் மேட்டைக் கடந்து எஸ்க்டேலில் பூட் என்ற ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பாதை இன்றும் இருக்கிறது, நடக்கலாம். அதைப் பற்றி ஒரு கதை: ஓர் இளைஞனின் உடலை ஏற்றிப் போன குதிரை, மேட்டில் மூடுபனியில் மிரண்டு ஓடிவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை. அந்தத் துயரத்திலேயே தாயும் இறந்தாள். அவள் உடலைக் கொண்டுபோனபோது பனி கொட்டியது, அந்தக் குதிரையும் ஓடிப்போனது. தேடப் போனவர்களுக்கு மகனைச் சுமந்த குதிரை கிடைத்தது. தாயைச் சுமந்தது கிடைக்கவே இல்லை. மூடுபனி இறங்கும் நாளில் குளம்புச் சத்தம் கேட்கும் என்பார்கள். விடுதியில் உட்கார்ந்து கேட்டால் கூடுதலாக இரண்டு குதிரை வரலாம்.

இந்த ஊர்க் குணம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த விடுதியை நடத்திய வில் ரிட்சன் 1890-இல் இறந்தார். மிக உயர்ந்த மலை, மிக ஆழமான ஏரி, மிகச் சிறிய தேவாலயம், மிகப் பெரிய பொய்யன் எல்லாம் வாஸ்டேலில்தான் என்பது அவர் பெருமை. கடைசியாகச் சொன்னது தன்னைத்தான். எங்கள் ஊர் டர்னிப் கிழங்கு அவ்வளவு பெரிது, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு ஊரார் அதைக் குடைந்து குடைந்து எடுப்பார்கள், குடைந்த பொந்தில் ஆடுகள் மழைக்கு ஒதுங்கும் என்று முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொல்வாராம். அவர் நினைவாகச் சாண்டன் பிரிட்ஜ் விடுதியில் ஒவ்வொரு நவம்பரும் உலகப் பொய்யர் போட்டி நடக்கிறது. அரசியல்வாதிகளுக்கும் வக்கீல்களுக்கும் அனுமதி இல்லை. ஏற்கெனவே தேர்ந்தவர்கள் என்பதால். ஒரு பிஷப் வந்து “நான் வாழ்நாளில் பொய்யே சொன்னதில்லை” என்று ஒற்றை வரி சொல்லிப் பரிசைத் தட்டிப் போனார் என்ற கதையும் உண்டு. பொய்யர் போட்டியைப் பற்றிய கதை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி ஆட்கள் அதிகம் பேசாதவர்கள். வானிலை, ஆட்டு விலை, அதோடு முடிந்தது. வயதில் மூத்தவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்; நமக்கு நாக்கு வர நாளாகும். ஆனால் மழையில் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டால் கேட்காமலே டிராக்டர் வந்து நிற்கும். காசு எடுத்து நீட்டினால் முகம் மாறிவிடும்.

அந்த மண்ணின் உறுதிக்கு ஓர் உதாரணம் வேண்டுமானால் ஜாஸ் நெய்லர். 1936-இல் இங்கேயே பிறந்த ஆட்டுப் பண்ணைக்காரர். சிறுவயதில் முதுகில் அடிபட்டு, பிறகு அறுவை சிகிச்சையும் ஆனவர். 1975-இல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்கள் ஓடி ஏறி இறங்கினார். ஐம்பது வயதில், 1986-இல், லேக் டிஸ்ட்ரிக்டின் 214 சிகரங்களையும் ஏழு நாள் சொச்சத்தில் முடித்தார். அந்தச் சாதனை 2014 வரை நின்றது. ஓட்டத்துக்கு நடுவில் யாருடைய ஆடாவது சுவரில் மாட்டியிருந்தால் நின்று விடுவித்துவிட்டுப் போவார் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்; அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2024-இல் காலமானார்.

பிரிட்டனில் பாறையேற்றம் ஒரு விளையாட்டாக உருவெடுத்ததற்கும் இந்த விடுதிக்கும் தொடர்பு உண்டு. 1886-இல் ஹாஸ்கெட் ஸ்மித் என்ற ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரி, கயிறு இல்லாமல் தனியாக நேப்ஸ் நீடிலில் ஏறி, அத்தாட்சியாகக் கைக்குட்டையை உச்சியில் விட்டு வந்தார். அதற்குப் பிறகு ஈஸ்டர், கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தால் பேராசிரியர்களும் வக்கீல்களும் இங்கே குவிந்தார்கள். மழை நாளில் விடுதியின் பில்லியர்ட்ஸ் அறைச் சுவரையும் தொழுவச் சுவரையும் பிடித்து ஏறிப் பழகினார்கள். 1903-இல் ஸ்காஃபெல் பாறையில் ஒரே விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர் கல்லறை இந்தத் தேவாலய முற்றத்தில் இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததும் ஸ்காஃபெல் பைக்கின் உச்சியை லெக்கன்ஃபீல்ட் பிரபு, போரில் மாண்ட லேக் டிஸ்ட்ரிக்ட் ஆட்களின் நினைவாக, இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார். ஃபெல் அண்ட் ராக் மலையேறும் சங்கமோ தன் உறுப்பினர்கள் நினைவாகக் கிரேட் கேபிளையும் சுற்றுச் சிகரங்களையும் வாங்கி நாட்டுக்கு அளித்தது. 1924 ஜூனில் உச்சியில் வெண்கலத் தகடு திறந்தார்கள். இன்றும் நவம்பர் நினைவு ஞாயிறன்று, காற்றோ பனியோ, நூற்றுக்கணக்கானவர்கள் ஏறி அங்கே மௌனமாக நிற்கிறார்கள்.

அமைதி எப்போதும் இருக்குமா என்றால், இல்லை. பிரிட்டனின் மூன்று நாட்டு உச்சிகளையும் 24 மணி நேரத்தில் ஏறும் சவால் ஒன்று இருக்கிறது: ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ், இங்கே ஸ்காஃபெல் பைக், வேல்ஸில் ஸ்னோடன். கணக்குப் போட்டால் நடு உச்சிக்கு நள்ளிரவில்தான் வந்து சேர முடியும். ஜூன், ஜூலை வாரக் கடைசிகளில் இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு வேன் வேனாக வந்து இறங்கி, கதவைச் சாத்தி, தலைவிளக்கு மாட்டி, உரக்கப் பேசிக்கொண்டு கிளம்புவார்கள். விடிகாலையில் ஆட்டைப் பார்க்க எழ வேண்டியவர் படுத்திருக்கும் ஜன்னலுக்கு வெளியே. அதற்கப்புறம் குப்பை, கழிவு. நல்ல காரியத்துக்கு நிதி திரட்டத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள், அதனால் திட்டவும் முடியாது. உள்ளூர் மலை மீட்புக் குழுவில் இருப்பவர்கள் அத்தனை பேரும் சம்பளமில்லாத தொண்டர்கள்; வழி தவறியவர்களைத் தேடி ராத்திரியில் ஏறுபவர்கள் அவர்கள்தான்.

வருங்காலம் பற்றி இங்கே இரண்டு கட்சி. 2017-இல் யுனெஸ்கோ லேக் டிஸ்ட்ரிக்டை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தபோது மலைப் பண்ணை வாழ்க்கையை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னது. ஆட்டைக் குறைத்து மரத்தை வளர விடுங்கள் என்பவர்கள் பக்கத்துப் பள்ளத்தாக்கான என்னர்டேலைக் காட்டுகிறார்கள். அங்கே இருபது வருஷத்துக்கு மேலாக நிலத்தை அதன் போக்கில் விடும் முயற்சி நடக்கிறது, ஆற்றோரம் பார்க்க நன்றாகவே இருக்கிறது. இதற்கிடையில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு பழைய விவசாய மானியம் படிப்படியாக வெட்டப்பட்டு, சுற்றுச்சூழல் பணிக்குத்தான் பணம் என்று திட்டம் மாறியிருக்கிறது. மானியம் இல்லாமல் ஹெர்ட்விக் மந்தை கட்டுப்படியாகாது. வீட்டு விலையோ விடுமுறைக்கு மட்டும் வந்து போகிறவர்கள் ஏற்றிவிட்ட விலை; பண்ணையில் பிறந்த பிள்ளை அதே பள்ளத்தாக்கில் வீடு வாங்க முடியாது. என் அபிப்பிராயம், சரிவின் மேல்பகுதியில் மரம் வரட்டும், ஆனால் மந்தையை அழித்துவிட்டு வரக்கூடாது. கல் பொறுக்கவும் சுவர் எடுத்துக் கட்டவும் மலையிலிருந்து ஆட்டை இறக்கவும் ஆள் இல்லாமல் போனால், பத்து வருஷத்தில் கீழ்வயல்கள் பெரணிப் புதராகிவிடும்.

பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை வாருங்கள். வாஸ்டேல் ஹெட் ஷோவும் மேய்ப்பர் கூட்டமும் அன்றுதான். தொடக்கத்தில் வழிதவறிய ஆடுகளை உரியவரிடம் ஒப்படைக்கக் கூடியது; இப்போது கம்பர்லண்ட் மல்யுத்தம், மலை ஓட்டம், மோப்ப நாய்ப் பந்தயம், கைத்தடி செய்யும் போட்டி எல்லாம் உண்டு. ஆனால் கூட்டம் நிற்கும் இடம் கிடா வளையம்தான். சிவப்புச் சாயம் பூசி நிறுத்திய ஹெர்ட்விக் கிடாக்களின் முதுகை, பல்லை, காலை நடுவர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க, சுற்றிலும் தொப்பி போட்ட பெரியவர்கள் வாய் திறக்காமல் நிற்பார்கள். எந்தக் கிடா ஜெயித்தது, ஏன் ஜெயித்தது என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள்; அதிகம் பேசாதவர்கள் என்று நான் சொன்னதை மறந்துவிடலாம். மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் கட்டாயம். மொபைல் சிக்னலை நம்ப வேண்டாம். வரைபடத்தைக் காகிதத்தில் எடுத்து வாருங்கள்.